விசா காப்பியை நம்பும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இண்டர்நெட் இணைப்பும் இருக்கிறது. மின் கட்டணம் கட்டுகிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இவை தவிர இன்னொரு முக்கியமான வேலைக்கும் அது பயன்படும். நம் சொந்தக்காரர் ஒருவர் வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருக்கும் விசா எந்த வகை, அனுப்புகிற ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா, வேலை கொடுப்பதாகச் சொல்லும் கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். பெரிய கம்ப்யூட்டர் அறிவு எதுவும் தேவையில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு தேவைப்படுகிற விஷயம். அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் எந்த ஊரில் இறங்கிக் கேட்டாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஒருவர் இருப்பார். கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வெளிநாடு போய் வருபவர்களுக்குச் ‘சபராளி’ என்று தனிப் பெயரே உண்டு. முன்பு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். அந்தக் காலத்தில் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போய், பின்னால் தம்பியையும் மைத்துனரையும் அழைத்துக்கொள்வார். அழைப்பவர் யார் என்று ஊருக்கே தெரியும். இப்போது அழைப்பது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு விளம்பரம். அங்கேதான் சிக்கல்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி, மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம். தம்பி ஒன்பதாவது வரை படித்தவன். திருச்சியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தான். “செவ்வாய்க்கிழமை மலேசியா கெளம்புறாம்ப்பா. விசா வந்துருச்சு. இந்தக் காகிதத்தை ரெண்டு காப்பி எடுத்துக் குடு” என்றார் சித்தி. பிரிண்ட் எடுக்க மட்டும்தான் வந்தார்கள். ஏஜெண்டுக்கு மொத்தம் 1,40,000 ரூபாய் பேச்சு. நகையை அடகு வைத்து 40,000 கொடுத்தாகிவிட்டது. மீதியை ஏர்போர்ட் போவதற்கு முந்தின நாள் கொடுக்க வேண்டும்.

காகிதத்தைப் பார்த்தேன். மலேசிய அரசின் சின்னம் இருந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், போய்ச் சேரும் தேதி எல்லாம் சரி. ஆனால் அது விசா இல்லை. மலேசியாவுக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் இறங்குவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் இண்டர்நெட்டில் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை. கட்டணமே கிடையாது. சுற்றுலா போகிறவரும் நிரப்புவார், கல்யாணத்துக்குப் போகிறவரும் நிரப்புவார். யார் நிரப்பினாலும் இப்படி ஒரு காகிதம் வரும்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து போகலாம் என்று மலேசியா அனுமதி கொடுத்தது. பிறகு அது நீட்டிக்கவும் பட்டது. ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான சலுகை அது. வேலைக்கு ஆகாது. முப்பதாவது நாளுக்கு மேல் தங்கினால் மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதைத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவனே ஒன்றைச் சொன்னான்: “ஏர்போர்ட்ல யாராச்சும் கேட்டா சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லச் சொன்னாருண்ணே.”

இந்த ஒரு வாக்கியம் போதும். வேலைக்குப் போகிறவரைச் சுற்றுலா போவதாகச் சொல்லச் சொல்லும் ஏஜெண்டிடம் அதற்குமேல் விசாரிக்க எதுவும் இல்லை. ஆனாலும் சித்தி நம்பவில்லை. நகை போன வருத்தத்தைவிட, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே என்ற வருத்தம் பெரிதாக இருந்தது. எனவே மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். அன்றைக்குப் பார்த்தவற்றையும் அதன்பின் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது

ப்ரவுசரைத் திறப்பதற்கு முன் பாஸ்போர்ட்டைத் திறங்கள். ஈ.சி.ஆர். என்று அச்சாகி இருக்கிறதா? குடிபெயர்வு அனுமதி தேவை என்று அர்த்தம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக இப்படித்தான் வரும். 50 வயதைக் கடந்தவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் போன்றோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போவதானால் இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். சவுதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், லிபியா ஆகியவை அந்தப் பட்டியலில் இருப்பவை. சிங்கப்பூர் அதில் இல்லை. நமக்கான பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது படிக்காதவருக்கு அரசு போட்டுக் கொடுத்த வேலி. சம்பளம் எவ்வளவு, முதலாளி யார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதை வேறொருவர் நமக்காக ஒருமுறை படித்துப் பார்க்கிறார். சுற்றுலாவாகப் போனால் இந்த அனுமதி தேவையில்லை. ஏஜெண்டுகள் விசிட்டில் அனுப்பத் துடிப்பதற்குக் காரணம் இதுதான். தம்பியின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். போக இருந்த நாடு மலேசியா. அனுமதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

இன்னொரு விஷயம். பத்தாவது தேறியும் பாஸ்போர்ட் எடுக்கும்போது சான்றிதழ் காட்டாமல் விட்டதால் ஈ.சி.ஆர். ஆனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, ஈ.சி.ஆர். நீக்கம் என்பதைக் காரணமாகத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் தரும் தலைவலி

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை வீட்டிலேயே நிரப்பலாம். பிரவுசிங் சென்டரில் கொடுத்து நிரப்பினால் அவசரத்தில் பெயரைத் தப்பாக அடித்துவிடுகிறார்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் இன்னும் 2,000. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குத் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். தேடுபொறியில் பாஸ்போர்ட் என்று டைப் செய்தால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்களும் வரும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா இந்திய அரசுத் தளங்களுக்கும் இதே சோதனைதான்.

படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று இடப்பட்ட பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட், சுற்றுலா விசாவில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்தபோது பலர் விழித்தது இதனால்தான். அங்கே வேலை விசாவோ குடியிருப்பு அனுமதியோ உள்ளவர்களை அது பாதிக்கவில்லை. ஆனால் மகனைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாவுக்குச் சிக்கல் வரும். எனவே இனிஷியலை விரித்து, தகப்பனார் பெயரை இரண்டாவது கட்டத்தில் போடுவது நல்லது. ஆதார், மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ‘முருகேசன்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். கம்ப்யூட்டருக்கு அவர்கள் நான்கு பேர்.

ஏஜெண்ட் பதிவு பெற்றவரா?

இப்போது இ-மைகிரேட் தளத்துக்கு வாருங்கள். வெளியுறவு அமைச்சகம் நடத்துகிறது. 2024 அக்டோபரில் புதிய பதிப்பும் மொபைல் அப்ளிகேஷனும் வந்தன. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இந்தத் தளத்தில் இருக்கிறது. மாநிலத்தைத் தேர்வு செய்து பெயரைத் தேடலாம். பதிவு எண் பொதுவாக ஆங்கில ‘பி’ எழுத்தில் ஆரம்பித்து, வரிசை எண், ஊர், வகை, ஆண்டு என்று சாய்கோடுகளுடன் நீளமாகப் போகும். விளம்பரத்தில் அந்த எண் இல்லையா? முதல் சந்தேகம். எண் இருக்கிறது, ஆனால் தளத்தில் அந்த எண்ணுக்கு வேறு பெயர் வருகிறதா? சந்தேகமே வேண்டாம்.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, ரத்தானதா என்பதையும் பாருங்கள். பதிவு இல்லாமல் தொழில் நடத்துவதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலையும் அமைச்சகம் தனியாக வெளியிடுகிறது. சித்தி அந்தப் பட்டியலில் நம் ஏஜெண்ட் பெயர் இல்லை என்று கொஞ்சம் தெம்படைந்தார். அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. யாரும் இதுவரை புகார் கொடுக்கவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். பதிவு பெற்றவர் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லையே!

நம் ஊர்களில் நேரில் பார்ப்பது பெரும்பாலும் சப்-ஏஜெண்டைத்தான். டீக்கடைப் பழக்கம், தூரத்துச் சொந்தம் என்று இருப்பார். “மெயின் ஆபீஸ் சென்னையில்” என்பார். சட்டத்தில் சப்-ஏஜெண்ட் என்று ஒருவர் கிடையாது. பதிவு பெறும் ஏஜெண்ட் 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்டியிருக்கிறார் (100 பேர் வரை மட்டும் அனுப்பும் சிறிய வகைக்கு 8 லட்சம்). ஏமாற்றினால் அரசு கை வைக்க அங்கே பணம் இருக்கிறது. சப்-ஏஜெண்டின் உத்தரவாதம் அவருடைய வாய்ச்சொல்தான்.

கட்டணத்துக்கும் எல்லை உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம். 18 சதவீத வரியுடன் 35,400. ரசீது கொடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு, “எங்க ஊர்ல ஒன்றரை லட்சத்துக்குக் கம்மியா யாரும் போனதில்லையே” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். சட்டம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். ஆனாலும் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக, ஏஜென்சியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். “மச்சான் கணக்குக்குப் போடுங்க” என்றால் போடாதீர்கள். பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த வங்கிக் கணக்கு விவரம்தான் உங்கள் சாட்சி.

ஆஃபர் லெட்டரை ஆராய்வோம்

இது கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏஜெண்ட் கொடுத்த ஆஃபர் லெட்டர் பி.டி.எஃப். கோப்பாக இருந்தால் அடோப் ரீடரில் திறந்து, ஃபைல் மெனுவில் பிராப்பர்டீஸ் பகுதியைக் கிளிக் செய்யுங்கள். கோப்பு எந்தத் தேதியில், எந்த சாஃப்ட்வேரில் உருவானது என்று தெரியும். மூன்று மாதம் முன் தேதியிட்ட கடிதம் நேற்றிரவு ஒரு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் பிறந்திருந்தால் யோசிக்க வேண்டும். பெயரும் சம்பளமும் இருக்கும் வரிகளை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த எழுத்துகள் மட்டும் வேறு கருமையில், வேறு ஃபாண்டில் இருந்தால் யாரோ மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்து மின்னஞ்சல் முகவரி. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கம்பெனி, இலவச ஜிமெயில் முகவரியிலிருந்தா வேலைக்கு ஆள் எடுக்கும்? கம்பெனி பெயரிலேயே முகவரி இருந்தாலும் அந்த டொமைனை ‘ஹூ-இஸ்’ தேடலில் கொடுங்கள். இதற்கு இலவசத் தளங்கள் நிறைய உண்டு. பதிவான தேதி வரும். “25 ஆண்டுப் பாரம்பரியம்” என்று முகப்பில் எழுதியிருக்கும் நிறுவனத்தின் வெப்சைட் சென்ற மாதம் பதிவானதாக இருந்தால் உங்களுக்கே புரியும். உண்மையான பெரிய கம்பெனியின் பெயரோடு ஒரு கோடும் ‘கேரியர்ஸ்’ என்ற சொல்லும் சேர்த்துப் போலி டொமைன் வாங்குவது பழைய தந்திரம். கம்பெனியின் சொந்த வெப்சைட்டை நீங்களே தேடிப் போய், அங்கே இருக்கும் தொலைபேசி எண்ணில் கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணில் கேட்டால் ஏஜெண்டின் ஆள்தான் எடுப்பார்.

ஜிமெயிலில் வந்த கடிதம் என்றால், மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்று இருக்கும். அனுப்பியவர் முகவரி ஒன்றாகவும், பதில் போய்ச் சேரும் முகவரி வேறாகவும் இருக்கிறதா என்று அங்கே பார்க்கலாம்.

டேட்டா என்ட்ரி வேலையா? கூடுதல் கவனம்

கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகளைக் குறிவைத்தே ஒரு வலை இருக்கிறது. டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று விளம்பரம் வரும். டைப்பிங் டெஸ்டும் ஆன்லைன் இண்டர்வியூவும்கூட நடக்கும். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டு போய்விடுவார்கள். அங்கே வேலை, போலி முகவரியில் உலகெங்கும் உள்ளவர்களை ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறிப்பது. மறுத்தால் அடி. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். கம்போடியாவிலும் இதே கதை. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட் வழியாக இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன.

கம்போடியாவும் மியான்மரும் ஈ.சி.ஆர். பட்டியலில் இல்லை, போகிறவர்களும் பட்டம் பெற்றவர்கள். எனவே பாதுகாவலர் அலுவலக வேலி இங்கே உதவாது. நாம்தான் பார்க்க வேண்டும். மாவு அரைக்கிற மில்லில் வேலை கேட்டாலும் நாலு கேள்வி கேட்பார்கள். முன்பின் தெரியாதவனுக்கு டைப்பிங் வேலைக்கு விமான டிக்கெட்டும் போட்டு மாதம் ஒரு லட்சம் ஏன் தருகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

விசாவையே நேரடியாகப் பார்க்கலாம்

பல நாடுகள் விசா விவரத்தை இண்டர்நெட்டில் பார்க்க வழி செய்திருக்கின்றன. சிங்கப்பூருக்கு மனிதவள அமைச்சகத்தின் தளம். வேலை உறுதியானதும் ‘ஐ.பி.ஏ.’ எனப்படும் கொள்கை ஒப்புதல் கடிதம் வரும். தொழிலாளி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் அதை முதலாளி கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். “சிங்கப்பூர் போனதும் லெட்டர் தருவார்கள்” என்றால் நம்பாதீர்கள். அனுமதியின் நிலையை அதே அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். வொர்க் பெர்மிட் தொழிலாளிக்காக அந்த அரசிடம் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணை கட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ‘பாண்ட் பணம்’ என்று நம்மிடம் கேட்டால் அது யாருடைய பைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அங்கே உரிமம் பெற்ற ஏஜெண்ட், ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே தொழிலாளியிடம் வாங்கலாம்.

துபாய், அபுதாபி விசாக்களை அந்த நாட்டின் குடிநுழைவுத் துறைத் தளங்களில் பார்க்கலாம். பார்க்கும்போது விசா இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வகை என்ன என்று பாருங்கள். ‘விசிட்’, ‘டூரிஸ்ட்’ என்று இருந்தால் அது வேலை விசா இல்லை. “போய் மாத்திக்கலாம்” என்பார்கள். மாற்றிக் கொடுத்த முதலாளிகளும் உண்டு. மாற்றாமல் விட்டதால் அபராதம் ஏறி ஊர் திரும்ப முடியாமல் நின்றவர்களும் உண்டு. சூதாட்டத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கத்தார் இதில் ஒரு படி மேல். 2019 முதல் சென்னையில் கத்தார் விசா மையம் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் இங்கேயே முடிந்துவிடும். ஒப்பந்தத்தை நமக்குப் புரியும் மொழியில் திரையில் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அதற்கு முறையே 500, 300 ரியால் சேர்த்துத் தர வேண்டும்.

சொந்தக்காரரே அழைக்கும்போது

அங்கே இருக்கும் மாமா தன் முதலாளியிடம் சொல்லி விசா வாங்கி அனுப்புகிறார் என்றால் ஏஜெண்ட் பயம் இல்லை. ஆனால் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் அந்த அனுமதி அப்போதும் வேண்டும். இ-மைகிரேட்டில் வெளிநாட்டு முதலாளிகளுக்கும் தனிப் பதிவு இருக்கிறது. வீட்டு வேலைக்குப் பெண்களை அழைப்பதானால் இன்னும் கவனம். ஈ.சி.ஆர். நாடுகளுக்கு 30 வயது நிரம்பாத பெண்களை இந்த வேலைக்கு அனுப்ப அனுமதி இல்லை. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அப்படிப்பட்டது. அதன் வெப்சைட்டில் நர்ஸ், டிரைவர், டெக்னீஷியன் வேலைகளுக்கும் அறிவிப்பு வரும். மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள ஐக்கிய அரபு எமிரேட்ஸில் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற அண்ணன் தம்பியை ஸ்பான்சர் செய்வது சட்டப்படி முடியும். ஆனால் இந்தியர்களுக்கான வரிசை 15 ஆண்டுக்கு மேல் நீள்கிறது. எந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் இப்போது அழைக்கப்படுகிறார்கள் என்று அந்த நாட்டு வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா புல்லட்டின் என்று வெளியிடுகிறது. “கிரீன் கார்டு லாட்டரியில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது” என்ற மின்னஞ்சல் வந்தால் திறக்காமல் டெலிட் செய்யுங்கள். அந்தக் குலுக்கலில் பல ஆண்டுகளாக இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமே இல்லை.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஒப்பந்தம், ஏஜெண்ட் ரசீது, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். 200 டி.பி.ஐ. போதும். ஒரே பி.டி.எஃப். ஆக்கி, போகிறவரின் மின்னஞ்சலிலும் உங்கள் மின்னஞ்சலிலும் வையுங்கள். அங்கே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாலும், போன் தொலைந்தாலும், இந்தக் கோப்பு ஊரில் பத்திரமாக இருக்கும். பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

இன்சூரன்ஸ் என்றேனே, அது பிரவாசி பாரதிய பீமா யோஜனா. ஈ.சி.ஆர். பிரிவினருக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். பாலிசியில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ வீடுகளில் பாலிசி எடுத்ததே குடும்பத்துக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

போன இடத்தில் சம்பளம் வரவில்லை, சொன்ன வேலை இல்லை என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் ஊரில் இருக்கும் நீங்களே புகார் பதியலாம். அது சம்பந்தப்பட்ட நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும். புகார் எண்ணை வைத்து எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண் 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேச தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை எண் 1800 309 3793.

சித்தி மகன் விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அவன் கிளம்பவில்லை. ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கவே நான்கு முறை போக வேண்டியிருந்தது. 40,000 ரூபாய் வரவில்லை. ரொக்கமாகக் கொடுத்தது, துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. சித்தி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஏழு மாதம் கழித்து, இ-மைகிரேட் பட்டியலில் பெயர் பார்த்து, சென்னையில் உள்ள ஒரு ஏஜென்சி வழியாகக் கத்தாருக்கு வெல்டர் வேலை கிடைத்தது. விசா மையத்தில் ஒப்பந்தத்தை முழுவதும் படித்தானாம். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்களாம்.

போன வாரம் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்தது. கூட வேலை பார்ப்பவரின் மைத்துனருக்கு ஐரோப்பாவில் வேலை என்று ஒரு ஆஃபர் லெட்டர். “டொமைன் பதிவாகிப் பத்தொம்பது நாள்தான் ஆவுது. நீங்களும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கண்ணே” என்று கீழே எழுதியிருந்தான்.